மொட்டைமாடிப் பாடு

தன் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் தெய்வநாயகி ஒருமுறை செருமுவாள். ஏரியிலிருந்து கூடையோடு திரும்பினாலும் சரி, கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தாலும் சரி, கதவுக்கு ஓரடி தள்ளி நிற்பாள். தொண்டையைச் செருமுவாள். உள்ளே இருப்பவர் துணியைச் சரிசெய்துகொள்ள ஆகும் நேரம் பொறுத்திருந்து, அப்புறம்தான் கதவைத் தள்ளுவாள். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், அந்தக் கிடங்கில் குடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதற்கும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

செருமுவது அவள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. அது அந்தக் கட்டடத்தின் வழக்கம். சீமையிலிருந்து வந்த ஒல்லாந்தர் துணிமூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய கிடங்கு அது. மூட்டைகள் வெளிச்சுவரில் இருந்த கப்பி வழியாகக் கயிற்றில் மேலே போயின. மாடிப்படி, கணக்கப்பிள்ளை ஒருவர் ஏறி இறங்குவதற்கு மட்டும் வைத்தது. அவ்வளவு குறுகல், அவ்வளவு இருட்டு. கீழேயிருந்து ஒருத்தி மீன்கூடையோடு ஏற, மேலேயிருந்து இன்னொருத்தி குடத்தோடு இறங்கினால் குடமும் போகும், மீனும் போகும். அதனால் ஏறுகிறவள் கீழே நின்று செரும வேண்டும். மேலே ஆள் இருந்தால் பதிலுக்குச் செருமிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மேல்தளத்தில் அறைக்கும் அறைக்கும் நடுவே பனையோலைத் தட்டிதான் சுவர் என்பதால் கதவுக்கு முன்னாலும் ஒரு செருமல். சளி பிடித்தவன் அந்தக் கட்டடத்தில் நிம்மதியாக இரும முடியாது. நாலு பக்கத்திலிருந்தும் பதில் வரும்.

பழவேற்காட்டுக் கோட்டைக்கு வடக்கே, ஏரியைப் பார்த்தபடி நின்றது அந்தக் கிடங்கு. ஒல்லாந்தக் கும்பினியின் பெரிய வியாபாரமெல்லாம் நாகப்பட்டினத்துக்குப் போன பிறகு அதில் மூட்டை குறைந்தது. பிறகு மூட்டையே இல்லாமல் வௌவால் அடைந்து கிடந்தது. ஓர் ஐப்பசிப் புயலில் கடலோரக் குப்பத்துக் குடிசைகள் மொத்தமாகப் போனபோது, நனைந்த பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சனங்களைப் பார்த்து, சாவி வைத்திருந்த கும்பினியின் தரகரான துபாஷ் கதவைத் திறந்துவிட்டார். கும்பினிப் படகுகளைக் கரைக்கு இழுக்கக் கூப்பிட்டால் ஆண்கள் வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மழை விட்டதும் போய்விடுகிறோம் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்கள். மழை விட்டது. மறுபடி வந்தது. யாரும் போகவில்லை.

மூட்டைக்கு ஜன்னல் எதற்கு? ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், காற்றுக்கென்று ஓட்டைகள் மட்டும் வைத்திருந்தார்கள். அடுப்புப் புகை அந்த ஓட்டையைத் தேடிப் போவதற்குள் எல்லோர் கண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகும். கதவுகள் மழைக்கு ஊதிக்கொண்டு மூடாது. கோடைக்குச் சுருங்கித் தாழ் எட்டாது. கூரையிலிருந்து சுண்ணாம்புக் காரை உதிர்ந்து சோற்றில் விழும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் அதை உப்புக்கல் என்று நினைத்துக் கடித்துவிட்டு, மாமியார் பார்க்கிறாளே என்று விழுங்கியும் விடுவார்கள். முற்றத்துக் கிணறு வெயில் ஏற ஏறக் கரிக்கும். துபாஷின் ஆளிடம் போய்ச் சொன்னால், "கட்டினவன் சீமைக்குப் போயி செத்தும் போய்ட்டான். அவனாண்ட கேளு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்புவான்.

தெய்வநாயகியின் புருஷன் பெரியசாமிக்கு இதெல்லாம் பெரிதில்லை. அவனுக்குக் காற்று கேட்கவில்லை.

குப்பத்துக் குடிசையில் இருந்த நாளில் அவன் விடியும் முன்னே விழித்துக்கொள்வான். கூரையோலை எந்தப் பக்கம் சலசலக்கிறது என்பதைக் கேட்டு, இன்றைக்குக் கரைக்காற்றா, கிழக்கேயிருந்து வரும் கொண்டலா, கட்டுமரத்தைத் தள்ளலாமா வேண்டாமா என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவான். கல்சுவருக்குள் வந்த பிறகு எல்லாக் காற்றும் ஒரே காற்றாகிவிட்டது. கேட்டதெல்லாம் தட்டிக்கு அந்தப் பக்கத்துக் குறட்டைதான். அவன் எழுந்து, குனிய மறந்து நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, இருட்டுப் படியில் செருமிச் செருமி இறங்கிக் கரைக்குப் போவதற்குள் மற்றவர்கள் அலை தாண்டிப் போயிருப்பார்கள்.

"பெரியசாமி, பேசாம நாளைக்கு வலையப் போத்திக்கினு கரையிலயே படுத்துக்க" என்று அவர்கள் கேலி செய்தார்கள். அவனுக்குக் கேலி தாங்காது.

தெய்வநாயகி ஒரு யோசனை செய்தாள். சுவரோரம் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, மேலே இருந்த காற்று ஓட்டையில் ஒரு பனையோலையைக் கட்டித் தொங்கவிட்டாள். ஓலை சலசலத்தது. பெரியசாமி படுத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டான். ஆனால் அந்த ஓட்டை மேற்கே பார்த்தது. எந்தக் காற்று அடித்தாலும் ஓலை மேல்காற்று என்றே சொல்லியது. அதை நம்பி ஒருநாள் போய் வலையைக் கிழித்துக்கொண்டு வந்தவன், ஓலையைப் பிய்த்து எறிந்தான்.

"கல்லுக்குள்ள தவள இருக்கும். மனுசன் இருப்பானா?" என்றான்.

அந்த வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பலுக்கும் கரைக்கும் சலங்குப் படகு ஓட்ட ஆள் வேண்டும் என்று கும்பினியார் கூப்பிட்டார்கள். பெரியசாமி போகிறேன் என்றான். "ஒரு வருசம். வந்ததும் மணல்மேட்டுல நமக்குன்னு ஒரு ஓலை வூடு போட்டுக்கலாம்" என்றான். அவள் சரி என்றாள். அவளுக்கு எப்போதும் சட்டென்று வருகிற வார்த்தை அதுதான். போகும்போது அவன் வழக்கம்போலப் படியில் செருமிக்கொண்டு இறங்கினான். கீழே யாரும் இல்லை. மேலே நின்ற தெய்வநாயகிதான் பதிலுக்குச் செருமினாள்.

ஒரு வருஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

அவளுக்குப் பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்கள் புயலில் போனவர்கள். வயிற்றுக்கு வழி தேடி அவள் ஏரியில் இறங்கினாள். வலையும் தோணியும் உள்ள குடும்பத்துப் பெண் செய்யாத வேலை அது. சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்திலிருந்து வரும் சனங்கள், இடுப்பளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி எறா பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். நாகம்மாள் என்று அவர்களில் ஒருத்தி, தெய்வநாயகி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, "எறங்கும்மா, எறா ஒண்ணும் சாதி கேக்காது" என்றாள். இறங்கினாள். வாயில் கூடை இருப்பதால் நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பிடித்த எறாவை அன்றைக்கே காய வைக்க வேண்டும். காய்ந்த எறாவைத்தான் காட்டூருக்குச் சுமந்துபோய், உழவர் வீடுகளில் கொடுத்து நெல் வாங்க முடியும். காயவில்லை என்றால் நாறும். நாறினால் நெல் இல்லை. ஏரிக்கரையில் காகமும் நாயும் பன்றியும். முற்றத்தில் வெயிலே விழாது. கோட்டைப் பக்கம் நாற்றம் வரக்கூடாது என்று காவல்காரன் விரட்டுவான். வெயிலும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம், அந்தக் கிடங்கின் மொட்டைமாடி ஒன்றுதான்.

அதற்காக அங்கே நடக்காத சண்டை இல்லை. கூடை உருண்டது, மயிர் பிடிபட்டது. கடைசியில் கிடங்கில் மூத்தவரான நாகப்பன் ஒரு வழி சொன்னார். ஏரியில் எல்லா இடத்திலும் எறா ஒரே மாதிரி கிடைக்காது. நல்ல இடத்தில் வலை போட, குடும்பத்துக்கு ஒரு முறை என்று சீட்டுக் குலுக்கி வைத்துக்கொள்வது குப்பத்துச் சனங்களின் பழைய ஏற்பாடு. அதற்குப் பாடு என்று பெயர். "ஏரிக்கு உள்ளதே மாடிக்கும் இருக்கட்டும்" என்றார் நாகப்பன். அவர்களுக்கு அதைவிட வேறு சட்டம் தெரியாது. தண்ணீருக்குச் செய்த சட்டத்தை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து கல்கூரையில் வைத்தார்கள்.

தை பிறந்து ஏரித்தண்ணீர் வடியத் தொடங்கியதும் மாடியில் கூடுவார்கள். வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல். அதில் அந்த வீட்டு வலைக்குறி கீறியிருக்கும். நாகப்பன் பானையில் போட்டுக் குலுக்கி எடுப்பார். எடுத்த வரிசையில் நாள்முறை. ஏரியில் இருந்த கட்டுப்பாடெல்லாம் மாடிக்கும் வந்தது. பாடு ஆண்பிள்ளையின் பெயரில்தான் நிற்கும். கடல் மேல் போனவன் திரும்பி வருவான் என்றால் அவன் பாடு அப்படியே இருக்கும், பெண்டாட்டி அனுபவிக்கலாம். பிள்ளையில்லாமல் செத்தாலோ வேறு கரையில் குடியேறினாலோ பாடு போகும். பழைய பாடு ஒன்று போனால்தான் புதிய பாடு ஒன்று. இல்லாவிட்டால் முறை நீண்டு, எல்லோர் எறாவும் நாறும்.

அதனால் ஒவ்வொரு தையிலும் நாகப்பன் பெரியசாமியின் கிளிஞ்சலைக் கையில் எடுத்ததும் பெண்கள் நிற்கும் படிவாசல் பக்கம் திரும்பி, "இன்னா தெய்வானை, பெரியசாமி வர்றானா?" என்று கேட்பார். அவள் தலையாட்டுவாள். கிளிஞ்சல் பானைக்குள் விழும்.

அவள் அறை மேல்தளத்தின் மேற்கு மூலையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. வெயில் நெடுநேரம் நிற்கிற மூலை என்பதால், முறை யாருடையதானாலும் எறாவைக் கொண்டுவந்து அங்கேதான் கொட்டுவார்கள். எறாவின் உப்புத்தண்ணீர் காரையைத் தின்று, செங்கல்லுக்கு நடுவே இறங்கி, அவள் பாயில் சொட்டும். சட்டி வைப்பாள். சட்டி நிறைந்து வழியும். வழிந்தது மரத்தளத்து இடுக்கு வழியாகக் கீழ்த்தளத்தில் திருவேங்கடத்தின் பெண்டாட்டி பச்சையம்மாவின் அடுப்பில் போய் விழும்.

"ஏ தெய்வானை! இன்னாமே, மேல ஏரி வெட்டறியா?" என்று கீழேயிருந்து பச்சையம்மாவின் குரல் வரும்.

"மேலேருந்து ஒழுகுதுக்கா."

"ஒழுகினா மேல போயி சொல்லு! எங்கொழம்பு இன்னா பாவம் பண்ணிச்சு?"

மேலே போய்ச் சொல்ல தெய்வநாயகிக்கு வாய் வராது. கந்தலை எடுத்துத் துடைத்துப் பிழிவாள். விழுந்த சொட்டுக்காக நடக்கும் இந்தக் கூச்சல்தான் பெரும்பாலான நாட்களில் அவளிடம் யாராவது பேசிய பேச்சு.

ஒரு மாசி மாதம் ஆதிகேசவன் வந்தான். பெரியசாமியோடு நாகப்பட்டினத்துக்குப் போனவன். எளாவூரில் இருக்கும் பெண்டாட்டி வீட்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தான். படியின் கீழே செருமல் கேட்டு அவள் பதிலுக்குச் செருமினாள். அவன் பாதி ஏறி, இருட்டிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணி, நான் ஆதிகேசவன்."

"வா தம்பி."

"இல்ல அண்ணி, இங்கயே சொல்லிட்டுப் போயிடறேன்." குரலைத் தாழ்த்தினான். "அண்ணாத்த நல்லா கீறாரு. உடம்புக்கு ஒண்ணுமில்ல. அங்க ஒரு... குடும்பமா ஆயிட்டாரு அண்ணி. கைக்கொழந்த ஒண்ணு கீது. வரமாட்டாரு. நான் யாராண்டயும் சொல்லல. உன்னாண்ட சொல்லாம போக மனசு வரல."

தெய்வநாயகி படியின் மேலே உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவரு இருக்கற வூடு ஒழுகுதா?"

"ஓலை வூடு அண்ணி. ஒழுகாது."

"சரி" என்றாள்.

அவன் போனபின் அவள் எழுந்து தன் கதவுக்கு முன்னால் வந்து செருமினாள். அதுவரை அது பழக்கமாக இருந்தது. அன்றையிலிருந்து அவள் அதைத் தெரிந்தே செய்தாள். செருமாமல் உள்ளே போனால், உள்ளே ஆள் இல்லை என்று தானே சொன்னதாக ஆகிவிடும் என்று தோன்றியது. அடுத்த தையிலும் நாகப்பன் கேட்டார். அவள் தலையாட்டினாள். வாயால் எதுவும் சொல்லவில்லையே என்று கீழே வந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த தையில் திருவேங்கடத்தின் பெரிய மகன் கல்யாணம் முடிந்து தனி அடுப்பு வைத்திருந்தான். மாடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாகப்பன் பெரியசாமியின் கிளிஞ்சலை எடுத்துப் படிவாசல் பக்கம் திரும்பினார்.

"இன்னா தெய்வானை, பெரியசாமி வர்றானா?"

அவள் தலையாட்டினாள்.

"இரு மாமா" என்றான் திருவேங்கடம். "எத்தினி வருசமா இந்தத் தலையாட்டலு? ஆடுகூடத்தான் தலையாட்டுது. என் மவன் தனியா அடுப்பு வச்சிருக்கான், பாடு இல்ல. இருக்கற ஆளுக்கு இல்லியாம், இல்லாத ஆளுக்கு உண்டாம். இன்னா நாயம் இது?"

பச்சையம்மா பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "கேட்டா, புருசன் உள்ள குந்திக்கினு கீற மாதிரி செருமிட்டு நுழையறா. நானும் கீழேருந்து காத வச்சுக் கேட்டுப் பாத்துட்டேன். எந்தப் புருசனும் பதிலுக்குச் செருமினதில்ல."

சிரித்தார்கள். நாகப்பன் சிரிக்கவில்லை.

"அதையேதான் நானும் சொல்றேன் பச்சையம்மா. வெறும் வூட்டுக்கு எவளாவது செருமிட்டுப் போவாளா? அவன் வருவான்னு அந்தப் பொண்ணு இருக்கா. அத நாம அறுக்கக் கூடாது."

"அப்ப கற்பூரத்த அணைச்சு சொல்லட்டும்" என்றான் திருவேங்கடம். "எல்லையம்மன் மேல ஆணையா வருவான்னு சொல்லட்டும். அப்புறம் நான் வாயத் தொறந்தா இன்னான்னு கேளு."

அதைத் தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உடைந்த சட்டித்துண்டு ஒன்றில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்கள். நாகப்பன் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "ஒரே வார்த்த, அம்மாடி. வருவாருன்னு சொல்லி அணைச்சுட்டுப் போ" என்றார். அவர் அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

தெய்வநாயகி முன்னால் வந்து நின்றாள். சொன்னால் மாடி இருக்கும், எறா காயும், காட்டூரில் நெல் கிடைக்கும். சொல்லாவிட்டால் இத்தனையும் இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கற்பூரத் தீ மேற்கே சாய்ந்து படபடத்தது. கொண்டல் காற்று என்று நினைத்தாள். கீழே அறையில் இருந்தால் இது தெரிந்திருக்காது. கையை நீட்டினாள். விரலில் சூடு பட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

"வரமாட்டாரு" என்றாள்.

"இன்னாம்மா?"

"வரமாட்டாரு மாமா. நாகப்பட்டணத்துல இருக்காரு. அங்க அவருக்குக் குடும்பம் கீது. கொழந்த கீது. எனக்குத் தெரியும்."

கற்பூரம் அணைக்க ஆளில்லாமல் தானே எரிந்து தீர்ந்தது. நாகப்பன் கையிலிருந்த கிளிஞ்சலைப் பார்த்தார். மூன்று கோடும் ஒரு வளைவும், பெரியசாமியின் வலைக்குறி. அதைப் பானையில் போடாமல் தரையில் வைத்தார். மடியிலிருந்து கீறல் படாத புதுக் கிளிஞ்சல் ஒன்றை எடுத்துத் திருவேங்கடத்தின் பக்கம் நீட்டினார். திருவேங்கடம் அதை வாங்கிக்கொண்டானே தவிர, அவள் முகத்தைப் பார்க்காமல் கால் கட்டைவிரலால் காரையைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

அவள் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

மாடிக் கூட்டத்தில் அவள் குரல் கேட்டது அதற்கு முன்னால் நடந்ததில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

"எனக்குப் பாடு இல்லன்னா போவட்டும். என் தலைக்கு மேல கொட்டாதீங்க. என் அறைக்கு மேல இருக்கற எடத்துல யாரும் காயப்போட வேணாம். ஒழுகுது மாமா. படுக்க முடியல."

"அந்த மூலையா?" திருவேங்கடம் தலையை நிமிர்த்தினான். "நல்ல வெயில் படற மூலையாச்சே அது! அத வுட்டா எப்படி?"

"யோவ்!" என்று பச்சையம்மா கத்தினாள். "வெயில் மூலையாம், வெயில் மூலை! அங்க வடியற எறாத்தண்ணி அவ பாயில வுழுந்து, அவ தொடச்சது போக மிச்சம் எங்க வருது? எங்கொழம்புலய்யா! நேத்து ருசியா கீதுன்னு ரெண்டாந்தரம் வாங்கித் துன்னியே, அது எந்த ருசின்னு நெனச்சே?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் கப்பியில் உட்கார்ந்திருந்த காகங்கள் எழுந்து பறந்தன. திருவேங்கடம் காறித் துப்பினான். "வுட்டுத் தொலைங்க மாமா, அந்த மூலைய" என்றான்.

நாகப்பன் எழுந்தார். கீழே சுவர் எங்கே, தட்டி எங்கே என்று தெய்வநாயகியைக் கேட்டுக் கேட்டு நடந்து பார்த்து, அவள் அறை அளவுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்தார். "இந்தக் கோட்டுக்குள்ள பாடு கெடையாது" என்றார்.

தெய்வநாயகி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அறை இவ்வளவு சின்னது என்பது மேலேயிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

"அப்ப நான் அதுல காயப்போட்டுக்கலாமா மாமா?"

"இதப் பார்றா!" என்றான் திருவேங்கடம். "இப்பதான பாடு இல்லன்னு ஆச்சு!"

நாகப்பன் தாடையைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் ஏரிப்பக்கம் பார்த்தார். அங்கே தண்ணீர் வடிந்து, சேற்றுத்திட்டு தெரியத் தொடங்கியிருந்தது. வலை போட உதவாத அந்த ஆழமில்லாத தண்ணீரில் இன்னும் சிலர் குந்தி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"திருவேங்கடம், அதோ கையால தடவறாங்களே, அவங்கள நாம என்னைக்காவது ஏன்னு கேட்டிருக்கோமா?"

"அவங்கள எதுக்குக் கேக்கணும்? அது பாடு உள்ள தண்ணி இல்லியே."

"இதுவும் பாடு உள்ள எடம் இல்ல. நீயும் கேக்காத." அவள் பக்கம் திரும்பினார். "போட்டுக்க. ஒழுகினா உந்தலையில."

"எங்கொழம்புல வந்துச்சு, அப்ப பேசிக்கறேன்" என்றாள் பச்சையம்மா. ஆனால் அதில் பழைய காரம் இல்லை.

தெய்வநாயகி கீழே இறங்கினாள். தன் கதவுக்கு முன்னால் வந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனிமேல் எதற்கு என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் செருமியாகிவிட்டது. அப்படியே நின்றாள். துணியைச் சரிசெய்துகொள்ள ஆகும் நேரம் பொறுத்து, உள்ளே போய்ப் பாயை விரித்தாள்.

அதன்பின் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. படியில் அவள் செருமினால், தேவைக்கு மேலேயே ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். அவள் கடந்து போகும்வரை பேச்சை நிறுத்தினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அவளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் மெல்லிய குரலில் நடந்தது. கேலியே தேவலை என்று அவளுக்கு இருந்தது. எறாவைப் பரப்பும் முன் கரையிலேயே நன்றாக வடியவிட்டு, கீழே இரண்டு பாய் போட்டு, அறைக்குள் சொட்டுவதைச் சட்டி நிறையும் முன்பே கொட்டிவிடுவாள். கீழே ஒரு சொட்டு போவதில்லை. பச்சையம்மாவின் கூச்சலும் நின்றுவிட்டது. ஒருநாள் சட்டியை நிறையவிட்டு, வழியவிட்டுப் பார்த்தாள். கீழே சொய்ங் என்று அடுப்பில் விழுந்த சத்தம் கேட்டது. காத்திருந்தாள்.

"பரவால்ல தெய்வானை" என்று குரல் வந்தது. "நான் சட்டிய நவுத்திக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் வழியவிட்டதில்லை.

இன்றைக்குக் கிடங்கில் பாதிப் பேர் இல்லை. மணல்மேட்டில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். திருவேங்கடத்தின் குடும்பமும் போயிற்று. நாகப்பன் இல்லை, பானையை இப்போது வேறு ஒருவர் குலுக்குகிறார். சுண்ணாம்புக் கோடு முதல் மழையிலேயே அழிந்துவிட்டது என்றாலும் அது எங்கே இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் தாண்டுவதில்லை. பெரியசாமியின் கிளிஞ்சல் தெய்வநாயகியிடம் இருக்கிறது. சோற்றுப்பானையின் விளிம்பில் ஒட்டும் காரையைச் சுரண்ட அது வசதியாக இருக்கிறது. மேற்கு மூலை அறையில் அவள் தனியாக இருக்கிறாள், நுழையும்போது செருமுகிறாள். பாடு உள்ளவர்களுக்கு முறை வந்தால்தான் மாடி. அவளுக்குத் தினமும் அந்த மூலை உண்டு. கூரை இன்னும் ஒழுகுகிறது. ஒழுகுவது அவளுடைய எறாத்தண்ணீர்தான், அதனால் அவள் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை.